நாணயம் ஊர் தாண்டுமா?

இஷாத் தொழுகையை முடித்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். அமெரிக்காவின் டல்லாஸ் நகரிலிருந்து என் மகள் அழைத்தாள். எங்கள் பென்னாகரத்தில் இரவு ஒன்பது மணி என்றால் அவளுக்கு அங்கே காலை ஒன்பதரை. அது 2023 பிப்ரவரி மாதம். மருமகனும் அவளும் அங்கே போய்ச் சேர்ந்து மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. நலம் விசாரித்து முடிந்ததும் தயக்கத்தோடு சொன்னாள்:

"அத்தா, இங்கே வீட்டுக்காரர் எங்களிடம் இரண்டு மடங்கு முன்பணம் கேட்கிறார். மற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை. ஏன் என்று கேட்டால், உங்கள் பெயரில் கடன் வரலாறே இல்லையே என்கிறார். வங்கியில் கிரெடிட் கார்டு கேட்டோம். அங்கேயும் இதையே சொல்லித் திருப்பிவிட்டார்கள்."

"கடனே இல்லை என்றால் நல்லதுதானே அம்மா?" என்றேன்.

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. "அதைத்தான் இவர்களுக்கு விளங்க வைக்க முடியவில்லை அத்தா" என்று சொல்லிவிட்டுக் குழந்தையின் பள்ளிக்கூடப் பேச்சுக்கு மாறிவிட்டாள். என் மனம் மாறவில்லை. அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால், கடன் வரலாறு இல்லாத மருமகனை உருவாக்கியவன் நான்தான்.

நிக்காஹ் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளையைப் பற்றி நான் விசாரித்தவை மூன்று. தொழுகை உண்டா? தாய் தந்தையரிடம் நடப்பு எப்படி? கடன் ஏதும் உண்டா? மூன்றாவது கேள்விக்கு, "ஒரு பைசா கிடையாது" என்று அவருடைய தகப்பனார் சொன்னபோது நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். மருமகன் பெங்களூரில் கணினி நிறுவனம் ஒன்றில் பணியில் இருந்தார். நிக்காஹ் முடிந்த மறு ஆண்டு, அவர் சம்பளம் வாங்கும் வங்கியே கிரெடிட் கார்டு தருவதாக முன்வந்தது. மாமனார் மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவர் என்ற மரியாதையால் என்னிடம் யோசனை கேட்டார். "வேண்டாம் மாப்பிள்ளை, அது வட்டிக்கடையின் வாசற்படி" என்றேன். அவர் மறு கேள்வி கேட்கவில்லை. அந்த அட்டை எப்படி இயங்குகிறது என்று நானும் எவரிடமும் கேட்டறியவில்லை. வரலாறு படித்துப் பி.ஏ. பட்டம் பெற்றவன் என்று சொல்லிக்கொள்கிறேன்; விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது வரலாற்று மாணவனுக்கும் அழகன்று, ஆலிமுக்கும் அழகன்று.

என் அக்காள் மகன் கதை வேறு. அவனும் பெங்களூரில்தான் இருந்தான். ஆறு ஆண்டுகளாக அவனிடம் ஒரு கார்டு இருந்தது. ஒரு வலீமா விருந்தில் பத்துப் பேர் நடுவே அவனைக் கடிந்துகொண்டேன். "மாமா, தேதிக்கு முன்னாலேயே முழுத் தொகையையும் கட்டிவிடுகிறேன். இதுவரை ஒரு ரூபாய் வட்டி கொடுத்ததில்லை" என்றான். "பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைத்துவிட்டு, இன்னும் பற்றவில்லை என்று பெருமை பேசாதே" என்று வாயை அடைத்தேன். சுற்றியிருந்தவர்கள் என் பேச்சை மெச்சினார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு பிரியாணித் தட்டைப் பார்த்தான்.

அதே அக்காள் மகன் 2024-இல் வேலை நிமித்தம் நியூஜெர்சி போய்ச் சேர்ந்தான். இரண்டே வாரத்தில் அவன் கையில் அமெரிக்கக் கிரெடிட் கார்டு. இத்தனைக்கும் அந்த நாட்டில் அவன் ஒரு தேநீர்கூடக் கடனுக்குக் குடித்ததில்லை. பெங்களூரில் ஆறு ஆண்டுகள் தேதி தவறாமல் கட்டியதை அமெரிக்காவில் யார் கண்டார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடியதில் நான் அறிந்துகொண்டவற்றை, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகிறேன்.

என் அத்தாவிடமிருந்து தொடங்குவதுதான் எனக்கு எளிது. அவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். 1974-இல் பென்னாகரத்துக்குக் குடிவந்து மளிகைக்கடை வைத்தார். பருவத்தில் புளி வாங்கி விற்பதும் உண்டு. வந்த புதிதில் இங்கே அவரை யாருக்குத் தெரியும்? கைமுதல் சொற்பம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரியிடம் போனார். சட்டைப்பையில் ஒரு கடிதம். கிருஷ்ணகிரி மண்டிக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. "இவர் என்னிடம் ஏழு வருடம் பற்று வரவு வைத்திருந்தார். தவணை தவறியதில்லை. ஒரு வருடம் மழை பொய்த்துத் தாமதமாயிற்று. அதையும் தானே வந்து சொல்லி, அறுவடை முடிந்ததும் தீர்த்தார்." இவ்வளவுதான் கடிதம். செவ்வாய்ப்பேட்டைச் செட்டியார் அதை இரண்டு முறை படித்தாராம். வேறெதுவும் கேட்காமல் இரண்டு மூட்டை பருப்பையும் ஒரு டின் எண்ணெயையும் வண்டியில் ஏற்றச் சொன்னாராம். இதை அத்தா எங்களுக்கு எத்தனை முறை சொன்னார் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் எண்ணெய் டின் வரும் இடத்தில் அவர் குரல் கம்மும்.

இன்று உலகம் முழுதும் கடன் வரலாறு என்று சொல்வது அந்தக் கடிதத்தைத்தான். எழுதுபவர் மண்டிக்காரர் அல்லர், ஒரு நிறுவனம், அவ்வளவே வேறுபாடு. அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்யும் பெரிய நிறுவனங்கள் மூன்று: ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன். ஈக்விஃபாக்ஸின் பிறப்பைப் படித்தபோது என் அத்தாவின் கடையே கண்முன் வந்தது. 1899-இல் அட்லாண்டா நகரில் வுல்ஃபோர்டு சகோதரர்கள் இருவர் அதைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் அதற்கு முன்பு சட்டநூகா என்னும் ஊரில் மளிகைக்காரர்களின் சங்கத்துக்காக, எந்த வாடிக்கையாளர் ஒழுங்காகப் பணம் கொடுப்பவர் என்று பட்டியல் தொகுத்தவர். மளிகைக்கடைச் சிட்டையிலிருந்து புறப்பட்ட கலை அது! இப்போது பட்டியல் போய் எண் வந்துவிட்டது. அங்கே புழங்கும் ஃபைகோ மதிப்பெண் 1989-இல் வந்தது. 300 முதல் 850 வரை. நம் நாட்டில், சித்தீகி என்பவர் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 1999-இல் பரிந்துரைக்க, 2000-ஆம் ஆண்டு சிபில் நிறுவனம் தோன்றியது. 2005-இல் அதற்கென்று சட்டமும் வந்தது. நம் மதிப்பெண் 300 முதல் 900 வரை.

ஒரு சாட்சியைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் விசாரித்த வரலாற்றை மாணவர்களுக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒருவரைத் தமக்குத் தெரியும் என்று சொல்ல இன்னொருவர் முன்வருகிறார். நீர் அவருடைய அண்டை வீட்டாரா, அவரோடு பயணம் செய்திருக்கிறீரா, தீனாரிலும் திர்ஹமிலும் அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறீரா என்று உமர் (ரலி) கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். அப்படியானால் அவரை உமக்குத் தெரியாது என்று முடித்துவிடுகிறார்கள். பள்ளிவாசலில் அவர் தொழுவதைக் கண்டது போதுமான சாட்சியாகவில்லை. அமெரிக்க வீட்டுக்காரர் என் மருமகனிடம் கேட்டதும் அந்த மூன்றாவது கேள்விதானே? அவர் தொழுகையாளி என்பதும், நேர்மையானவர் என்பதும், மாமனார் சொல் தட்டாதவர் என்பதும் எனக்குத் தெரியும். பணத்தில் அவர் எப்படி என்பதைச் சொல்ல ஒரு காகிதமும் இல்லாமல் செய்துவிட்டேன்.

காகிதம் இருந்தாலும் அது எல்லை தாண்டாது என்பதுதான் நெடுநாள் நிலை. ஒகேனக்கல்லில் காவிரிக்கு இக்கரை தமிழ்நாடு, அக்கரை கர்நாடகம். இக்கரையில் சம்பாதித்த நல்ல பெயருக்கு அக்கரையில் ஒரு கட்டு வெற்றிலைகூடக் கிடைக்காது என்று பரிசல்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். கடன் வரலாறும் அப்படியே. சிபிலில் இன்று டிரான்ஸ்யூனியன் நிறுவனமே பெரும்பங்கு வைத்திருக்கிறது. பெயரே டிரான்ஸ்யூனியன் சிபில் என்றாகிவிட்டது. ஆனாலும் இங்குள்ள பேரேட்டை அங்குள்ள கிளை தானாகத் திறந்து பார்ப்பதில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் சட்டம் வேறு, அடையாள எண் வேறு, மதிப்பெண்ணின் அளவுகோலும் வேறு.

இந்த இடைவெளியில்தான் 2016-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் நோவா கிரெடிட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். புதிதாகக் குடியேறியவரின் சம்மதத்தைப் பெற்று, அவருடைய தாய்நாட்டுக் கடன் தகவல் நிறுவனத்திலிருந்து அறிக்கையை வாங்கி, அமெரிக்க அளவுகோலுக்கு மாற்றிக் கொடுப்பது அவர்கள் வேலை. 2019-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் அவர்களோடு கைகோத்தது. இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. என் அக்காள் மகன் செய்தது இதுதான். விண்ணப்பத்திலேயே, வேறு நாட்டில் கடன் வரலாறு உண்டா என்ற இடத்தில் இந்தியாவைத் தெரிவு செய்தான். தன் விவரங்களையும் பழைய முகவரியையும் கொடுத்துச் சம்மதம் தெரிவித்தான். சில நிமிடங்களில் பெங்களூரின் ஆறு ஆண்டுகள் நியூஜெர்சிக்கு வந்துவிட்டன. ஹதீஸ் கலையில், புகாராவில் பிறந்த அறிவிப்பாளர் ஒருவரின் நம்பகத்தன்மையை மிஸ்ரில் இருப்பவர் ஏட்டைப் பார்த்து அறிந்துகொண்டது எனக்கு நினைவுக்கு வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் அறிவுக்குச் செய்ததை இவர்கள் ரூபாய்க்குச் செய்கிறார்கள்.

எல்லை தாண்டுவது நல்ல பெயர் மட்டுமன்று. வளைகுடாவில் பிள்ளைகள் இருப்போர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். துபாயில் கார்டுக் கடனை விட்டுவிட்டு விமானம் ஏறினால் விஷயம் முடிந்தது என்று ஒரு காலத்தில் பேசிக்கொள்வார்கள். 2020 ஜனவரியில் இந்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, ஐக்கிய அரபு அமீரகத்தின் உரிமையியல் நீதிமன்றங்கள் வழங்கும் தீர்ப்பை நம் மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கோரலாம். அங்கே வைத்த பாக்கி, இங்கே சொந்த ஊரில் வாசலுக்கு வரலாம்.

மருமகன் கதைக்கு வருகிறேன். அவரிடம் கொண்டுசெல்ல வரலாறு ஏதும் இல்லை. ஆகவே அங்கே 200 டாலரை வங்கியில் ஈடாகக் கட்டி, அதே அளவுக்கு வரம்புள்ள ஒரு கார்டை வாங்கினார். ஈட்டுக் கார்டு என்று நாம் அதைச் சொல்லலாம். மாதந்தோறும் அரிசி பருப்பு வாங்கி, முழுத் தொகையையும் தேதிக்கு முன் கட்டினார். ஆறு மாதக் கணக்காவது சேர்ந்தால்தான் அங்கே ஃபைகோ மதிப்பெண் பிறக்கும். இதை அவர் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனம் சூரத்துல் பகராவுக்குப் போய்விட்டது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அதை அடுத்த வசனம், பயணத்தில் இருந்து எழுதுபவர் கிடைக்காவிட்டால் ஈடு கொடுப்பதைப் பற்றியது. இரண்டையும் எத்தனையோ ஆண்டுகள் ஓதிக் கொடுத்திருக்கிறேன். பயணி, எழுத்தர், ஈடு மூன்றும் ஒரே வசனத்தில் ஏன் வருகின்றன என்பது, 200 டாலரை ஈடு வைத்த பயணி என் சொந்த மருமகனாக இருந்தபோதுதான் உறைத்தது. அந்த வசனத்தைக் காட்டி அந்தக் கார்டை ஹலால் என்று நான் சொல்ல வரவில்லை. அது வேறு பேச்சு.

அந்த வேறு பேச்சையும் மறைக்க விரும்பவில்லை. கார்டில் வாங்கிய தொகை முழுவதையும் கெடு தேதிக்குள் கட்டினால் வட்டி இல்லை. 'குறைந்தபட்சத் தொகை' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர் மீது, மிச்சத்துக்கு மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேலும் வட்டி ஏறும்; ஆண்டுக்கு முப்பத்தாறைத் தாண்டும். கந்துவட்டிக்காரனைத் திட்டும் நாம் இதைக் கவனிப்பதில்லை. தேதி தவறாதவர் நிலை என்ன? 2000 செப்டம்பரில் ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, உரிய காலத்தில் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும், ஒப்பந்தத்திலேயே வட்டி நிபந்தனை இருக்கும் கடன் அட்டையை வாங்குவது கூடாது என்று தீர்மானித்தது. தேதி தவறாமல் கட்டும் உறுதியும் தேவையும் உடையவருக்கு அனுமதி அளிக்கும் ஆலிம்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் கற்றவர்களே. வலீமா விருந்தில் நான் பேசியபோது இந்த இரண்டில் எதையும் படித்திருக்கவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

2025 ஈதுல் ஃபித்ர் விடுமுறைக்கு அக்காள் மகன் வந்தான். பழைய பேச்சை அவன் எடுக்கவில்லை. நானே எடுத்தேன். "அந்த விருந்தில் உன்னைப் பத்துப் பேர் முன்னால் பேசியது தவறு" என்றேன். "விடுங்கள் மாமா" என்று சிரித்துவிட்டு, "உங்கள் பெயரில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாமா?" என்றான். நம் கடன் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நம் நாட்டில் விதி. என் பான் எண்ணைக் கொடுத்தேன். அவன் கைப்பேசியில் எதையோ தட்டினான். சிறிது நேரத்தில் திரையில் ஒரு எண் தெரிந்தது: -1.

"தேர்வில் தோற்றவனுக்குக்கூடப் பூஜ்யம்தானே போடுவார்கள்?" என்றேன்.

"தோற்கவில்லை மாமா. நீங்கள் தேர்வே எழுதவில்லை. வரலாறு இல்லை என்பதற்கு இதுதான் குறி."

நாற்பத்தேழு வயது எனக்கு. மளிகைக்கடைப் பாக்கியை முதல் தேதியன்று தீர்க்காமல் நான் வீட்டுக்கு வந்ததில்லை. 2016-இல் வீட்டுக் கூரை மாற்ற எங்கள் ஜமாஅத்தின் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடனாக நாற்பதாயிரம் வாங்கி, இருபது மாதங்களில் தவணைக்கு இரண்டாயிரமாகக் கட்டி முடித்தேன். இருபது கையொப்பங்களும் பள்ளிவாசல் அலமாரியில் உள்ள நோட்டில் இருக்கின்றன. அந்த நோட்டை எந்த நிறுவனமும் படிக்காது. வட்டிக்குக் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியவருக்கு எண்ணூறு. வட்டியில்லாமல் வாங்கி ஒழுங்காகக் கட்டியவருக்குக் கழித்தல் ஒன்று. இந்தக் கணக்கு எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆயினும் அதற்கு நம் பங்கும் உண்டு. வட்டியில்லாக் கடன் கொடுப்பவர்கள் கணக்கைப் பலரும் பார்க்கும்படி ஒழுங்காக எழுதி, உரியவருக்கு ஒரு சான்றாவது வழங்குவதில்லை. கிருஷ்ணகிரி மண்டிக்காரர் ஒரு தாளில் செய்ததை நம் நிர்வாகங்கள் ஒரு நோட்டிலும் செய்வதில்லை. இதை எங்கள் முத்தவல்லியிடம் சொன்னேன். "யார் கேட்கப்போகிறார்கள் ஹஜ்ரத்?" என்றார். இன்று யாரும் கேட்க மாட்டார்கள்தான்.

மருமகனிடமும் பேசினேன். என் சொல்லால் அவருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துவதாகச் சொன்னேன். "உங்களுக்காக மட்டும் நான் விடவில்லை மாமா. எனக்கும் அந்தக் கார்டைக் கண்டால் பயம்தான்" என்றார். என்னைத் தேற்றச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா, தெரியவில்லை. ஈடாகக் கட்டிய 200 டாலரை வங்கி எட்டாம் மாதம் திருப்பிக் கொடுத்துவிட்டதாம். வேறு வீட்டுக்குப் போனபோது ஒரு மாத முன்பணமே கேட்டார்களாம். இதைச் சொல்லும்போது என் மகளின் குரலில் பெருமை இருந்தது.

இந்த மாதம் என் இளைய மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளக் கணக்குத் தொடங்கப் போன இடத்தில் கார்டு விண்ணப்பமும் கொடுத்திருக்கிறார்கள். "என்ன செய்யட்டும் அத்தா?" என்று தொலைபேசியில் கேட்டான். "நிபந்தனைத் தாள்களை ஒன்று விடாமல் கொண்டு வா" என்றேன். சனிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு இருவரும் விளக்கடியில் அமர்ந்தோம். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. வட்டி என்ற சொல் வரும் இடங்களில் எல்லாம் அவன் முன்னமே பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தான். மொத்தம் பதினோரு கோடுகள். பக்கத்தில் ஃபிக்ஹ் அகாடமியின் தீர்மானத்தையும், அனுமதிப்போரின் ஃபத்வா ஒன்றையும் நான் எடுத்து வைத்திருந்தேன். இரண்டையும் அவனே வாய்விட்டுப் படித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரை அவனிடம் தவணை கேட்டிருக்கிறேன்.